சூட்டில் சுருங்கிய சாட்சி

அன்று காலை போத்தனூர்ப் பட்டறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாதவர்களெல்லாம் இருந்ததுபோலக் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பட்டறைக்காரர் காளிச்சாமி. அவர் மனைவி சின்னத்தாயி. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, பட்டறையின் வயரிங் வேலை முழுவதையும் கையில் எடுத்துக்கொண்ட மகள் யுவஸ்ரீ. பம்ப்செட் கம்பெனி முதலாளி சுந்தரராஜுலு. அவருடைய மூத்த மகன் ஹர்ஷா. மெக்கானிக் சங்கச் செயலாளர் நஞ்சுண்டன், தோளில் ஒரு ஏணியோடு. சுந்தரராஜுலுவின் அக்காவும் துப்பறிவாளருமான வெங்கடலட்சுமி. அவருடைய உதவியாளரும் டிரைவரும், வாய் ஓயாதவருமான நிஜாம். வேறு ஒருவரும் இல்லை. நடுவில் முன்சக்கரம் கோணிப்போன ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

பட்டறையில் ஒரே நாற்காலிதான். அதில் சுந்தரராஜுலு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குச் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சர்வீசுக்கு விட்டிருந்த வண்டியை ஆயுத பூஜையன்று மாலை ஹர்ஷா வந்து எடுத்துப் போனான். மறுநாள் காலை அதை ஓட்டிக்கொண்டு பெருந்துறைக்குக் கிளம்பினான் இளையவன் யஷ்வந்த். நெடுஞ்சாலையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அடங்கிவிட்டது. பின்னால் வந்த லாரி இடித்ததில் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினுக்குக் கரண்ட் போகும் வயரில் ஒரு ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு கிடந்தது. கடைசியாக அந்த வண்டியின் வயரில் கை வைத்தவள் யுவஸ்ரீ. ஆகவே குற்றவாளி யுவஸ்ரீ. தீர்ப்பு இவ்வளவு சுலபமாக முடிந்திருந்தது.

“பன்னெண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன், காளிச்சாமி. பொண்ணு தப்புப் பண்ணீட்டான்னு எழுதிக் குடு. அவ பேரு போட்ட போர்டைக் கழட்டு. போலீஸ்ல குடுத்திருக்கற புகாரை அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் சுந்தரராஜுலு.

நஞ்சுண்டன் ஏணியைச் சுவரில் சாய்த்தார். அதற்கு மேலே ‘யுவஸ்ரீ ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ போர்டு, பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்தும் காயாமலும் பக்கத்தில் தொங்க, புதுப் பெயின்டோடு நிமிர்ந்து நின்றது.

காளிச்சாமி ஏணியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

“ஏனுங்க, எங்கப்பன் உங்க தோட்டத்துல கையக் கட்டீட்டு நின்னாருங்க. அது அவரு காலமுங்க. என்ற பொண்ணு செய்யாத தப்புக்கு நான் எழுதித் தர மாட்டனுங்க. மரியாதையாத்தானுங்க சொல்றேன். மாட்டனுங்க.”

நிஜாம் வெங்கடலட்சுமியின் காதோரம் குனிந்தார். “அம்மா, இத்தனை மரியாதையா ஒருத்தரு முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க.”

வெங்கடலட்சுமி சிரிக்கவில்லை. கஞ்சி போட்ட கோரா நிறச் சேலை, நிறைய நரைத்த கொண்டை, எந்தச் சுவரிலும் சாயாத முதுகு. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று, பீளமேட்டு வீட்டின் தன் பாதியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். மறுபாதியில் தம்பி குடும்பம். ராஜுலு வீட்டுப் பேச்சு என்றால் பத்திரத்துக்குச் சமம் என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழ அவர் விடமாட்டார்.

“எதுக்கு என்னைக் கூப்பிட்டே, சுந்தரம்?”

“நீ சர்வேயரா இருந்தவ, அக்கா. ஒரு தடவை பாத்துட்டு, ஆமா, இந்த ஜாயிண்ட்டுதான் காரணம்னு சொல்லு. போதும்.”

“ஆமாம் போடறதுக்கு பூம்பூம் மாட்டைக் கூட்டி வந்திருக்கலாமே. செலவும் கம்மி.” கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். “நான் வந்துட்டேன். இனி பாத்துட்டுத்தான் போவேன்.”

யுவஸ்ரீ முன்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது; குரல் உடையவில்லை. “ரெண்டு ஜாயிண்ட் இருக்குதுங்க. ஒண்ணு என்னுது. பிடுங்கிட்டுக் கெடக்கறது என்னுதில்ல. மொதநாள்ல இருந்து சொல்றேன், ஒருத்தரும் காதுல வாங்கலைங்க.”

“ரெண்டும் ஒரே மாதிரிக் குழாய்தானம்மா இருக்குது,” என்றார் நஞ்சுண்டன்.

“ஒரே மாதிரி சட்டை போட்டவங்க எல்லாம் ஒரே ஆளுங்களா?”

“அம்மணி நம்ம ஆபீஸ்ல சேரலாமுங்க,” என்றார் நிஜாம்.

யுவஸ்ரீ புதுக் குழாய் ஒன்றை வெங்கடலட்சுமியின் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணாடி போன்ற சின்னக் குழாய். நடுவில் சால்டர் ஈயத்தில் ஒரு வளையம். இரண்டு ஓரத்திலும் நீல நிறத்தில் பசை வளையங்கள். இரு பக்கமும் வயரைச் செருகி ஹீட் கன்னால் சூடான காற்றடித்தால், குழாய் சுருங்கிப் பிடிக்கும். பசை இளகி, தண்ணீர் புகாமல் அடைக்கும். நடுவிலிருக்கும் ஈயம் உருகி இரண்டு வயரையும் ஒன்றாக்கிவிடும்.

வெங்கடலட்சுமி வண்டியின் மேல் குனிந்தார். முதல் ஜாயிண்ட் யுவஸ்ரீ தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது. உள்ளே ஈயம் உருகிப் பரவிப் பளபளத்தது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அதன் மேல் சந்தனமும் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன.

“வயருக்குப் பொட்டு வெச்சது யாரு?”

“நானுங்க,” என்றாள் சின்னத்தாயி. “எல்லாரும் ஹெட்லைட்டுக்கு வெப்பாங்க. நான் என்ற மக கை வெச்ச எடத்துலதானுங்க வெப்பேன். சீட்டைத் தூக்கிப்போட்டு, வயரு நெடுக சந்தனத்தை மூணு விரல்ல இழுத்து, குங்குமமும் வெச்சுப்போட்டேன்.”

சந்தனக் கோடு வயர்க் கட்டின் மேல் நீளமாக ஓடியது. முதல் ஜாயிண்ட்டின் மேலே ஏறி இறங்கி, பிடுங்கிக் கிடந்த ஜாயிண்ட் வரை போனது. அங்கே வெங்கடலட்சுமியின் கண்ணாடி நின்றது. வெகு நேரம் நின்றது.

“நிஜாம், இங்கே பாரு. பொட்டு எங்கே இருக்கு?”

நிஜாம் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். “மேல இல்லீங்களே... அட! உள்ளாற இருக்குதுங்க. நீலப் பசைக்குள்ள குங்குமம், ஜவ்வு மிட்டாய்ல எறும்பு ஒட்டுன மாதிரி.”

“அந்தப் பொண்ணு போட்ட குழாய்க்கு மேலே பொட்டு. இந்தக் குழாய்க்கு அடியிலே பொட்டு. சின்னத்தாயி குழாயைப் பிரிச்சு உள்ளே பொட்டு வெக்கலை. பூஜைக்கு அப்புறம்தான் இந்த ஜாயிண்ட்டை யாரோ போட்டிருக்காங்க.”

சுந்தரராஜுலு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“பூஜைக்கு அப்புறம் இவளே போட்டிருப்பா.”

“பூஜைக்கு வெச்ச சாமானை மறுநாள் வரைக்கும் யாருங்க தொடுவாங்க?” என்றார் காளிச்சாமி. “உங்க மகனையே கேளுங்க.”

ஹர்ஷா அப்பாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழகாத பையன். “ஆமா அத்தை. கற்பூரம் எரிஞ்சுட்டு இருக்கும்போதே நான் வந்துட்டேன். பொரி கடலையை வாங்கிட்டு, வண்டியை எடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்தேன். போர்டிகோவுல நிறுத்துனேன்.”

“பொட்டு, பொரின்னு பேசிட்டு இருந்தா எப்படிக்கா?” சுந்தரராஜுலு குரலை உயர்த்தினார். “எம் பையன் ரோட்டுல கெடந்தான்!”

“அப்பாதான் அத்தை முதல்ல போய்ச் சேர்ந்தாரு,” என்றான் ஹர்ஷா தழுதழுத்து. “போலீஸ் எனக்கு போன் பண்றதுக்குள்ள அப்பா அங்கே இருந்தாரு. பெத்த மனசுக்குத் தெரிஞ்சிருக்கு.”

வெங்கடலட்சுமி கண்ணாடியை மறுபடி குழாயின் மேல் வைத்தார். கண்ணாடியை மறுபடி குழாயின் மேல் வைத்தார். இன்னும் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, குழாய் சுருங்கியிருந்தது, பசை இளகியிருந்தது, ஆனால் நடுவிலிருந்த ஈய வளையம் கடையில் வாங்கிய கோலத்தில் முழுசாக இருந்தது. உருகவே இல்லை. வயர்களைப் பிடித்திருந்தது பசை மட்டும். குண்டும் குழியும் ஆட்டிய ஆட்டத்தில் அது விட்டுவிட்டது. மற்றொன்று, வயரோடு வயராக மெல்லிய மூன்றாவது வயர் ஒன்றும் குழாய்க்குள் போயிருந்தது. வெளியே அரை விரல் நீளத்தில் அது நறுக்கப்பட்டிருந்தது.

“அம்மணி, ஒரு புதுக் குழாயும் ரெண்டு துண்டு வயரும் குடு.” நிமிர்ந்தார். “சுந்தரம், நீ சொன்ன பன்னெண்டு மணிக்குள்ள வர்றேன். அதுக்கு முன்னாடி யாராவது அந்த ஏணியில கால் வெச்சா, இறங்கறதுக்கு ஏணி இருக்காது. நஞ்சுண்டன், உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

நஞ்சுண்டன் ஏணியைவிட்டு நாலடி தள்ளி நின்றார்.

காரில் ஏறியதும் நிஜாம் கேட்டார். “ஈயம் ஏனுங்கம்மா உருகலை?”

“சூடு பத்தலை. ஹீட் கன்னா இருந்தா உருகியிருக்கும். லைட்டரா இருந்தா குழாயில கரி பிடிச்சிருக்கும். சூடும் இருக்கணும், சாதுவாவும் இருக்கணும். அப்படி என்ன இருக்கு?”

“என்ற மச்சானுங்க.”

“வண்டியை அந்த சலூன் முன்னாடி நிறுத்து.”

சலூன்காரர் ஈஸ்வரமூர்த்தி, நாற்காலியில் துண்டை உதறிப் போட்டு வரவேற்றார். நிஜாம் குழாயை நீட்டினார். “கட்டிங் வேண்டாமுங்கண்ணா. இதுக்குக் கொஞ்சம் டிரையர் போடோணும்.”

“இதுல முடியே இல்லையேப்பா.”

“உங்க கஸ்டமர்ல பாதிப் பேருக்கு இல்லீங்களே, போட்டுத்தானே உடறீங்க?”

முடி உலர்த்தும் டிரையர் உறுமியது. குழாயின் வாயருகே பிடித்துக் காத்திருந்தார்கள். மெல்லச் சுருங்கியது. ஓரத்துப் பசை வழிந்தது. ஈய வளையம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெங்கடலட்சுமி வயரை இரண்டு இழுப்பு இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

“நிஜாம், வீட்டுக்கு விடு.”

“யாரு வீட்டுக்குங்க? என்ற ஊட்டுல டிரையர் கெடையாது. பொண்டாட்டி மொறைச்சாலே தலை காஞ்சு போகும்.”

“என் வீட்டுக்கு.”

நிஜாமின் முகத்தில் இருந்த விளையாட்டு இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு நிரூபிச்சாச்சு. அந்த வண்டி சாயங்காலத்துல இருந்து விடியற வரைக்கும் நின்னது உங்க போர்டிகோவுல. இதுக்கு மேல தோண்டுனா உங்க வீட்டுச் சுவருதானுங்க இடியும்.”

“பாதியில நிறுத்துனா ஊர் என்ன சொல்லும்? பொண்ணு எப்படியோ தப்பிச்சுட்டான்னு சொல்லும். அந்த எப்படியோ அவ தலைக்கு மேலே காலத்துக்கும் தொங்கும். தப்பு எங்க வீட்டுல இருந்தா, அதை எடுத்து வெளியே வெக்கிற கை எங்க வீட்டுக் கையா இருக்கணும். வண்டியை எடு.”

நிஜாம் எடுத்தார்.

பீளமேட்டு வீட்டின் பின்புற ஷெட்டில் பூஜை வைத்தது வைத்தபடி இருந்தது. விபத்துச் செய்தி வந்த வீட்டில் மறுபூஜை போட யாருக்கும் மனமில்லை. ஸ்பானர்களும் டிரில் மெஷினும் சந்தனப் பொட்டோடு வாடிய சாமந்திக்குள் கிடந்தன. அவற்றின் நடுவே ஹீட் கன். அதன் விசையின் மேல் வைத்த பொட்டு கலையாமல், ஓரம்கூட நலுங்காமல் இருந்தது.

“இதைத் தொடவே இல்லீங்க,” என்றார் நிஜாம்.

“தொட மாட்டாங்க. பூஜைக்கு வெச்சதை மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இந்த வீட்டுல அது சட்டம்.”

“யாரு போட்ட சட்டமுங்க?”

“நான்.”

மாடியில் தம்பி மகள் நவ்யா ஈரத் தலையோடு நின்றிருந்தாள். “டிரையரா அத்தை? அதை எடுத்துட்டுப் போய்க் குப்பையில போடுங்க. ஆன் பண்ணா ரூம் பூரா பிளாஸ்டிக் நாத்தம்.”

வெங்கடலட்சுமி வாங்கிப் பார்த்தார். டிரையரின் வாயோரத்தில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு சொட்டு உறைந்திருந்தது. நீலப் பசை.

“ஹர்ஷா வாங்கினானா?” என்றார்.

“அண்ணனா? அவன் எங்கே... அப்பா வாங்கிட்டுப் போனாரு. பூஜையன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் வந்து கேட்டாரு. ஏம்ப்பா, ஷெட்ல ஹீட் கன் இருக்கேன்னேன். உங்க அத்தை பொட்டு வெச்சிருக்கா, தொட்டா தொலைச்சுருவான்னாரு.”

வெங்கடலட்சுமி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். முதுகு மட்டும் வளையவில்லை. நிஜாம் பின்னாலேயே இறங்கி வந்தார். அவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

“மூணாவது வயரு மெல்லிசுங்கம்மா. டிராக்கருக்குப் போற வயரு. வண்டி எங்கே போகுதுன்னு போன்ல காட்டுமே, அந்தப் பொட்டி. பெருந்துறை ரோட்டுல புள்ளி நின்னுபோச்சு, உடனே அய்யா கிளம்பீட்டாரு. நானும் காலையில இருந்து யோசிக்கிறேன், பெத்த மனசுக்கு ஜிபிஎஸ் எப்ப வந்துச்சுன்னு.” கார்க் கதவைத் திறந்து பிடித்தார். “இப்பவும் கேக்கறேனுங்க. போத்தனூர்தானுங்களா?”

“போத்தனூர்தான்.”

பட்டறையில் எல்லோரும் விட்டுவந்த இடத்திலேயே இருந்தார்கள். வெங்கடலட்சுமி டிரையரைக் கொண்டுவந்து மோட்டார் சைக்கிளின் டாங்க் மேல் வைத்தார். சுந்தரராஜுலு அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சட்டென்று தெலுங்குக்கு மாறி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

வெங்கடலட்சுமி தமிழிலேயே பதில் சொன்னார், எல்லோருக்கும் புரியட்டும் என்று.

“முதல்ல எழுந்திரு. அது அவரு நாற்காலி.”

சுந்தரராஜுலு எழுந்தார். அறுபது வயதில் அக்காவின் ஒற்றைச் சொல்லுக்கு எழுந்தவரைப் பார்த்து ஹர்ஷாவின் வாய் திறந்தபடி நின்றது.

“நீயாச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“அக்கா, அவன் வாரம் தவறாமப் பெருந்துறைக்குப் போறான். எதுக்குன்னு கேட்டா சொல்றதில்லை. யாரோட சேர்ந்து என்ன பண்றானோ, குடும்ப மானம்...” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எங்கே போறான்னு மட்டும் பாக்கலாம்னு டிராக்கர் ஒண்ணு வாங்கினேன். குழாயெல்லாம் பெட்டியிலேயே வந்துச்சு. எஞ்சின் வயரை வெட்டி, அதோட வயரையும் சேர்த்து நானே மாட்டினேன். நல்லாப் பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

“அப்பா, அவன் அங்கே சொந்தமா ஷெட் பாத்துட்டு இருந்தான்,” என்றான் ஹர்ஷா. “தனியாத் தொழில் தொடங்க. உங்ககிட்ட சொல்லப் பயந்தான்.”

சுந்தரராஜுலுவின் கண்கள் தரையைத் தேடின. வெங்கடலட்சுமி விடவில்லை.

“விபத்து நடந்த இடத்துக்கு நீதான் முதல்ல போனே. உன் ஜாயிண்ட் பிடுங்கிட்டுக் கிடந்ததை நீதான் முதல்ல பாத்தே. எதை எடுத்தே சுந்தரம்? மகனையா, பெட்டியையா?”

“அவனைத்தான்! சத்தியமா அவனைத்தான் அக்கா. ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டுட்டு, அப்புறம்தான்... வெட்டி எடுத்துப் பாக்கெட்ல போட்டேன்.”

“அதோட நின்னிருந்தா, பதட்டத்துல பண்ணேன்னு சொல்லலாம். அப்புறம் ஏணி கொண்டுவரச் சொன்னியே, அது பதட்டமில்லை. யோசிச்சுப் பண்ணது.”

“நம்ம பேரு கெட்டுருமேன்னு...”

“நம்ம பேரைக் காப்பாத்த இன்னொருத்தன் மகளோட பேரைக் கழட்டி இறக்குவியா? அப்படிக் காப்பாத்துனா அது மானமில்லை, திருட்டு. ராஜுலு வீட்டுல அது இன்னிக்கு வரைக்கும் கிடையாது. நான் இருக்கற வரைக்கும் கிடையாது. ஊர் சிரிக்கட்டும். எதிர்ல நின்னு வாங்கிக்கலாம். இப்போ இவங்க ரெண்டு பேரு முகத்தையும் பாத்துச் சொல்லு.”

காளிச்சாமி அதற்குள் நாற்காலியின் மேலிருந்த தூசியைத் தட்டினார். அவசரமில்லாமல் உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

சுந்தரராஜுலு கைகூப்பவில்லை, அழவில்லை. நிமிர்ந்து நின்று, மற்ற ஏழு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். “ஜாயிண்ட்டைப் போட்டது நான். தப்பு என்னுது. யுவஸ்ரீ மேல சொன்னது பொய். புகாரை இன்னிக்கே வாபஸ் வாங்கிட்டு, நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன்.”

“எழுதறப்ப என் பேரை இனிஷியலோட போடுங்க,” என்றாள் யுவஸ்ரீ. “கா. யுவஸ்ரீ. பொய்யா எழுதுனதுல அப்பா பேரு விட்டுப்போச்சு.”

நிஜாம் ஏணியை எடுத்து நஞ்சுண்டனின் தோளில் வைத்தார். “எடுத்துட்டுப் போங்கண்ணா. ஏறாமயே எறங்கீட்டீங்க.”

போகும்போது வெங்கடலட்சுமி ஒரு நிமிடம் நின்று, போர்டை அண்ணாந்து பார்த்தார். “ஏனுங்க காளிச்சாமி, என் காரு ஹாரன் அடிச்சா ஹெட்லைட் எரியுது. நாளைக்கு அனுப்பறேன். அம்மணி கையாலதான் பாக்கணும்.”

“முன்கூட்டி போன் பண்ணிட்டு வாங்க,” என்றாள் யுவஸ்ரீ. “வேலை நெறைய இருக்குதுங்க.”

வெங்கடலட்சுமிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பீளமேட்டில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. காளிச்சாமி சுந்தரராஜுலுவின் காலில் விழுந்து கெஞ்சினாராம். பெரியவரும் மனமிரங்கி விட்டுவிட்டாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. காளிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றவர் சுந்தரராஜுலு.